கன்னத்தில் வைத்துப் பார்த்த கம்பளி

நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. மழையில் நின்ற ஆட்டின் வாடையும் துருப்பிடித்த இரும்பின் வாடையும் கலந்தது போல, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நான்கு நாட்களுக்கு எழுந்திருக்காத வாடை. மார்கழி பிறந்து, எதிர்வீட்டில் யாராவது ஈரப் போர்வையை மாடிப்படிக் கைப்பிடியில் போட்டுவிட்டால் போதும், எனக்குச் சோறு இறங்காது. "உனக்கு எல்லாமே நாத்தம்தான்" என்று என் மகள் கேலி செய்வாள். செய்யட்டும். அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை.

சென்னையில் ஏது குளிர் என்று சிரிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாடிவீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். எண்பதுகளின் கடைசியில், அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் ஒற்றை அறை வீட்டில், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு வாரம் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். தரையெல்லாம் ஈரம் கசிந்து "ஓதம்" ஏறிக் கிடக்கும். பாய்க்கு அடியில் சாக்கு, சாக்குக்கு அடியில் பழைய பேப்பர் என்று விரித்து, விடிந்து எடுத்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும். அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், என் தங்கை பியூலா என்று நான்கு பேர். எங்களிடம் இருந்த கனமான போர்வை ஒன்றே ஒன்று.

அது சாம்பல் நிற மிலிட்டரி கம்பளி. அம்பத்தூரில் அப்பாவுடன் லேத் பட்டறையில் வேலை செய்தவர், ஆவடியில் ஏலத்தில் எடுத்து அப்பாவின் தலையில் கட்டியது. ஓரத்தில் கறுப்புக் கோடு, மூலையில் யாருக்கும் புரியாத ஒரு நம்பர். போர்த்தினால் உடம்பெல்லாம் அரிக்கும், ஆனால் சூடு என்றால் அப்படியொரு சூடு. அதில் முதல் உரிமை பியூலாவுக்கு. அவளுக்கு ஐந்து வயது, "இழுப்பு" இருந்தது. பனிக்காலம் வந்தால் அவள் மூச்சு விடுவது வாசல்வரை கேட்கும். டாக்டர் அம்மாவிடம், கம்பளியில் தூசி சேரவே கூடாது, அடிக்கடி தோய்த்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? சித்திரையில் தோய்க்கலாம், ஆடியில் தோய்க்கலாம். மார்கழியில் தோய்த்த கம்பளி எங்கே காயும்? தூசியும் ஆகாது, ஈரமும் ஆகாது என்றால் எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா கம்பளியை ஊறப்போட்டாள். பாதியாக வெட்டிய தார் டிரம்தான் எங்கள் தொட்டி. அடிகுழாயில் அடித்து அடித்து நிரப்பி, வெந்நீரில் சோப்பைச் சீவிப் போட்டுக் கம்பளியை அமுக்கினால், தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அதை அடித்துத் துவைக்க முடியாது. மிதித்துத்தான் துவைக்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் டிரம்முக்குள் இறங்குவேன். பியூலாவுக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் அவள் வாசல்படியில் அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, நான் மிதிப்பதை எண்ணுவாள். இருபதுவரைதான் தெரியும். இருபதுக்குப் பிறகு நேராக நூறு. "நூறு ஆயிடுச்சுக்கா, போதும் வா" என்று அவள் கூப்பிட, நான் "திருடி, திரும்ப எண்ணு" என்பேன். அவளும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

பிழிவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். எப்போதும் அப்பாவும் அம்மாவும்தான் பிழிவார்கள். அன்று அப்பா ஓவர்டைமுக்குப் போயிருந்தார், அதனால் ஒரு முனை என்னிடம் வந்தது. அம்மா முறுக்க முறுக்க என் முனை கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. "சோறுதானடி துன்ற? புடி கெட்டியா" என்று அம்மா கத்தினாள். பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய், பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு ரயில்வேக்காரர்கள் கட்டியிருந்த வேலியில் போட்டோம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் அந்த வேலிதான் கொடி. மின்சார ரயில் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கம்பளி ஒருமுறை எழும்பி விழும். அந்தக் காற்றையும் நம்பித்தான் காயப்போடுவோம்.

பக்கத்து வீட்டு சரசக்கா இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தாள். "இன்னா எஸ்தரு, மார்கழி மாசத்துல போயி கம்பளிய நனைச்சிகினு கீற? பொங்கலுக்குத்தான் காயும் பாரு."

"இன்னா பண்றது சரசு, கொழந்தைக்கு தூசி ஆவலியே" என்றாள் அம்மா.

கம்பளி காய்ந்ததா என்று பார்ப்பதற்கு அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. பனிக்காலத்தில் கையால் தொட்டால் எல்லாமே ஜில்லென்றுதான் இருக்கும், ஈரமா குளிரா என்று தெரியாது. அதனால் வேலியில் மடிந்து கிடக்கும் இடத்தைப் பிரித்து, கன்னத்தை அதில் வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும். குளிர் என்றால் கன்னத்துச் சூட்டில் போய்விடும். ஈரம் என்றால் போகாது. "கை பொய் சொல்லும்டி, கன்னம் சொல்லாது" என்பாள்.

ஆனால் எங்கள் பள்ளிச் சீருடைக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. இருந்தது ஆளுக்கு ஒரே செட். மழைக்காலக் காலைகளில் அது பாதி ஈரமாகத்தான் இருக்கும். நான் சிணுங்கினால், "போட்டுகினு போடி, ஒடம்பு சூட்டுல காஞ்சிடும்" என்று தலைவழியாக மாட்டிவிடுவாள். உண்மையில் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் காய்ந்தும் விடும்.

சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெயில் தலைகாட்டவே இல்லை. இரண்டு இரவும் எங்கள் நால்வருக்கும் அம்மாவின் புடவைகள்தான் போர்வை. திங்கட்கிழமை காலையில் அட்டை டப்பா செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: "ஸ்கூல் உட்டு வந்ததும் திருப்பிப் போடு. பனி எறங்கறதுக்குள்ள எடுத்துகினு வந்துடு. மடிப்புல கன்னத்த வெச்சுப் பாத்துட்டு எடு, இன்னா?"

அன்று மாலை கோயிலில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரிடம் கம்பளி இருக்கிறதோ அவர்கள்தான் மேய்ப்பர்கள் என்று. வசனம் இரண்டு வரிதான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்த எதையுமே அதுவரை யாரும் கேட்டதில்லை. எங்களிடம் இருந்து, மற்றவர்களிடம் இல்லாத ஒரே பொருள் அந்தக் கம்பளி. விடுவேனா? பள்ளி விட்டதும் ஓடிவந்து வேலியிலிருந்து அதை இழுத்தேன். மேல்பக்கம் மொறமொறவென்று இருந்தது. மடிப்பைப் பிரித்துக் கன்னத்தை வைக்கவில்லை. பியூலாவைச் சரசக்காவிடம் விட்டுவிட்டு, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஒத்திகையில் ஒரு மணி நேரம் அதைப் போர்த்திக்கொண்டு நின்றேன். பிறகு கன்னம் எதற்கு? என் சட்டை முதுகில் ஒட்டியது. கம்பளி ஈரம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், தெரியாது என்று இன்றுவரை என்னிடமே கூட நான் பொய் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து அதை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தேன்.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "காஞ்சிச்சா?"

"காஞ்சிடுச்சும்மா."

"கன்னத்துல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

ஈரம் என்று சொல்லியிருந்தால், எப்போது எடுத்தாய், எங்கே கொண்டுபோனாய் என்ற கேள்வி வரும். மறுபடியும் இரண்டு நாள் வேலிக்குப் போகும். என் மேய்ப்பர் வேஷம் போகும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன்.

அன்று ராத்திரி மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. புடவைக்குள் சுருண்டு பியூலா நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கம்பளியை எடுத்து உதறி, அவளை இரண்டு சுற்றாகச் சுற்றிப் படுக்கவைத்தாள். பியூலா தலையை மட்டும் வெளியே நீட்டி, "சூப்பரா கீதுக்கா" என்றாள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விடிந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அன்று பக்கத்து டாக்டர், மறுநாள் மாலை பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். என்னைச் சரசக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பா ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் கையில் அந்தக் கம்பளி மட்டும் இருந்தது. சரசக்கா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ என் கண்ணு" என்று கத்தியதைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது.

மேய்ப்பர் வேஷத்தை யார் போட்டார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் அந்தக் கம்பளியை வைத்துக்கொள்ளக் கூடாது, எங்கேயாவது போட்டுவிடு என்று சரசக்கா சொன்னாள். அம்மா கேட்கவில்லை. பொங்கல் கழித்து, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாளில் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல் பாவாடையைச் செருகிக்கொண்டு போய் நின்றேன். "நீ போ" என்றாள். தானே மிதித்தாள். பிழிய ஆள் வேண்டுமே என்று நான் கொஞ்சம் தள்ளிக் காத்திருந்தேன். அவள் ஒரு முனையை அடிகுழாயின் கழுத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தன் கையில் சுற்றித் தனியாகவே முறுக்கினாள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி என்னை எதற்கும் கூப்பிடமாட்டாள் என்று நினைத்து, வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பா இறக்கும்வரை எங்கள் வீட்டில் பியூலாவின் பெயரைக் கிறிஸ்துமஸ் ஜெபத்தில் மட்டும்தான் சொன்னோம்.

இப்போது அந்த வேலி இல்லை. ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அடிகுழாய் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். நானும் அம்மாவும் என் மகளும் ஆவடியில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கம்பளியை எந்த வீட்டை மாற்றும்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை. இன்றைய போர்வைகளை மெஷினில் போட்டால் பாதி காய்ந்தே வெளியே வருகின்றன. கம்பளியைத் தோய்ப்பது என்பது ஒரு குடும்பத்தையே மூன்று நாள் ஆட்டிவைத்த வேலை என்றால் என் மகள் நம்பமாட்டாள்.

போன மார்கழியில் ஒரு மத்தியானம், பால்கனியில் காய்ந்த மகளின் போர்வையை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். பஞ்சு மாதிரி இருக்கும் பூப்போட்ட போர்வை. அவள் அதை நாற்காலியில் போட்டு, மடிப்பைப் பிரித்து, குனிந்து, சுருங்கிய தன் கன்னத்தை அதில் வைத்தாள். உதடு அசைந்தது; பத்து எண்ணுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு கம்பளி காயலம்மா. நான் பொய் சொன்னேன்."

அவள் நிமிரவில்லை. எண்ணி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"ஈரம்னு எனக்குத் தெரியும்டி. நீ பாக்காதப்ப நானும் கன்னத்துல வெச்சுப் பாத்தேன். நீ சொன்னா நான் பாக்காம உடுவனா? புள்ள நடுங்கிகினு கெடந்தா. ஒடம்பு சூட்டுல காஞ்சிடும்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏம்மா என்னைக் கூப்புடல? பொங்கலுக்கு அப்புறம் நீ தனியா பிழிஞ்சியே?"

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. காஞ்சிடுச்சுன்னு நீ நம்பினு கீறன்னு நெனச்சேன். நான்தான் ஈரத்துல சுத்தினேன்னு தெரிஞ்சா, அம்மானு கூப்புடுவியா நீ?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பன்னிரண்டு வயதிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பிறகு, நான் சொன்னேனா என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதேன். அம்மா அழவில்லை. அவள் போர்வையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் பக்கம் நீட்டினாள்.

"புடி, மடிக்கணும்" என்றாள்.