துட்டி வீட்டுக்குப் போகாதவர்

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் துட்டி கேட்கப் போயே ஆகவேண்டும். ஒன்றும் பேசவேண்டாம். செத்தவரின் சொந்தக்காரர் கை நீட்டுவார். அதைப் பிடித்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்து வந்தால் போதும். போகாதவரை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டார்கள்.

எங்கள் தெருவில் குடியிருந்த நாடக பபூன் மட்டும் யார் வீட்டுத் துட்டிக்கும் போகமாட்டார். எழுபதுகளில் புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று எந்த ஊர்க் கோயில் கொடைவிழாவானாலும் நாடகத்துக்கு அவர்தான் வேண்டும். சின்ன வயதில் பெண்வேஷம் கட்டி, குரல் உடைந்ததும் பபூன் ஆனவர். மேடைக்கு வந்து சும்மா நின்று கூட்டத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த முகமே அவருக்கு வினையாகவும் ஆனது. ராயகிரியில் ஒரு துட்டி வீட்டுக்குள் இவர் நுழைந்ததும், மாரடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். செத்தவரின் மகன் இவரை வெளியே போகச் சொன்னான். அதோடு நிறுத்திவிட்டார்.

இது எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய நாடகக் கோட்டுகளை எல்லாம் தைத்துக் கொடுத்த என் அப்பா செத்தபோதும் அவர் வராததை என்னால் பொறுக்க முடியவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். வீம்பில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மனைவி இறந்தார். துட்டி வீட்டுக்குப் போய்வந்த என் மனைவி சொன்னாள்: "நான் யார் வீட்டுக்குப் போனேன், என் வீட்டுக்கு ஆளு வரன்னு சொல்லிக்கிட்டு அவுக வாசலையே பாத்துக்கிட்டு இருக்காவ. நீங்க போகலேன்னா நல்லா இருக்காது."

போனேன். அதற்குள் தெருவே வந்திருந்தது. ஆனால் எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமே என்ற பயம். நானும் குனிந்தபடி போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது.

"மக்கா, துண்டப் போட்டு மூஞ்சிய மூடிட்டேன். இனி திரும்பி உக்காருங்க" என்றார்.

திரும்பினோம். முகம் முழுக்கத் துண்டு. அதற்குக் கீழே துட்டிக்கு நீட்டிய இரண்டு கைகள். முதலில் சிரித்தது நான்தான். அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அந்தக் கைகளைப் பிடித்தேன். பிடித்ததும் அழுகை வந்துவிட்டது.

சிரிப்பை வைத்தே நான் யாரென்று அவர் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

"ஒங்க அப்பாவுக்கும் சேத்து இப்பம் துட்டி கேட்டுக்கிடுதேன்" என்றார், துண்டுக்குள்ளிருந்து.