தலையாட்டி

துப்பாக்கியை மணல் பைகள்மேல் கிடத்திவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பிறகு குனிந்து, அதன்மேல் குறிபார்க்கப் பொருத்திய ஸ்கோப்புக்குப் பின்னால் கண்ணைக் கொண்டுபோய், தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் ஆட்டுவார். அப்புறம் மேலும் கீழும். புதிதாகச் சேர்ந்தவர்கள், "என்ன மேடம், தேறாதா?" என்று பதறுவார்கள். "இருங்க, இன்னும் பாத்தே முடிக்கல" என்பார்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் பட்டறை அவர் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். அவர் காதுபடாமல் எல்லோரும் 'தலையாட்டி' என்போம். ஆனால் யார் பேச்சுக்கும் அந்த அம்மாள் தலையாட்டி நான் பார்த்ததில்லை. ஸ்கோப்பின் கண்ணாடியை யாராவது சட்டை நுனியால் துடைத்துவிட்டால் போதும், "உங்க கண்ணையும் இப்படித்தான் துடைப்பீங்களா?" என்று பிடித்துக்கொள்வார். கிளப் தலைவரையே விட்டதில்லை.

நான் பல் மருத்துவன். தொப்பை குறைய ஏதாவது விளையாடித் தொலையுங்கள் என்று மனைவி சொல்ல, படுத்துக்கொண்டே ஆடலாம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தவன். ஐம்பது மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் என் குண்டுகள் நடுப்புள்ளியான பத்தைச் சுற்றி வட்டமடித்தனவே தவிர, உள்ளே போக மறுத்தன. அணித் தேர்வில் என் மைத்துனர் என்னை முந்தினார். அவர் கிளப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றே புகார் எழுதினேன். பட்டறையில் ஸ்கோப்பைக் கோணலாகப் பொருத்திவிட்டார்கள் என்று, ஓட்டை விழுந்த அட்டைகளின் நகல்களோடு ஒன்பது பக்கம். அந்த அம்மாளின் வேலை வருடா வருடம் நீட்டிக்கப்படுவது என்பதும், அந்த வாரம்தான் நீட்டிப்பு என்பதும் எனக்குத் தெரியாது. பட்டறைக்குப் பின்னால் அவரும் அவர் அம்மாவும் குடியிருக்கும் இரண்டு அறைகளும் அந்த வேலையோடு வந்தவை. வேலை போனால் வீடும் போகும். கிளப் செயலாளர் இதைச் சொன்னபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் புகாரைத் திரும்பப் பெறவில்லை. மைத்துனரின் சிரித்த முகம் கண்முன் வந்து நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை, செயலாளர் முன்னால் விசாரணை. அந்த அம்மாள் என் துப்பாக்கியைக் கொண்டுவந்து மணல் பைகள்மேல் கிடத்தினார்.

"டாக்டர், தொடாதீங்க. பாத்தா போதும். ஸ்கோப்புக்குள்ள குறுக்குக் கோடு எங்க நிக்குது?"

"பத்துல."

"இப்போ தலைய மட்டும் லேசா இடது பக்கம் நகத்துங்க."

நகர்த்தினேன். கோடு பத்தைவிட்டு எட்டுக்கு நடந்து போனது.

"துப்பாக்கிய யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நகந்தது யாரு?"

நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் "தலைய அசைக்காதீங்க" என்று சொல்லியே பிழைப்பவன் நான்.

ஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு வளையம் உண்டு. இலக்கு எத்தனை மீட்டரில் இருக்கிறதோ அந்த எண்ணில் அதை வைக்க வேண்டும். அப்போதுதான் கண் சற்று விலகினாலும் கோடு இடம் மாறாது. நான் அதை ஐந்நூறில் வைத்திருந்தேன். பெரிய எண் என்றால் பவர் அதிகம் என்ற நினைப்பு. அட்டை மங்கலாகத் தெரிந்ததை வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வளையத்தை ஐம்பதுக்குத் திருப்பினார். "இப்போ ஆட்டுங்க."

ஆட்டிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. ஓரத்தில் மட்டும் பிறை போல ஒரு கறுப்பு எட்டிப் பார்த்தது.

"அது தெரிஞ்சா கண்ணு நடுவுல இல்லன்னு அர்த்தம். ஒவ்வொரு குண்டுக்கும் தலையத் தூக்கி மூக்குக்கண்ணாடிய ஏத்துறீங்க. மறுபடி எங்கயோ சாயுறீங்க. கன்னம் வைக்கிற கட்டையும் உங்க முகத்துக்கு உயரம் பத்தல."

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நீட்டிப்புத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"இத கிழிச்சிடலாமா டாக்டர்?" என்று செயலாளர் என் புகாரைத் தூக்கிக் காட்டினார்.

"கிழிக்காதீங்க சார், குடுங்க" என்று அந்த அம்மாள் கை நீட்டினார். பட்டறைச் சுவரில் ஒட்டி வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அவர் ஒன்பது பக்கங்களையும் நான்காக மடித்தார். துப்பாக்கிக் கட்டையின் மேல், கன்னம் படும் இடத்தில் வைத்து அழுத்தினார். டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி, சுருக்கம் போகக் கட்டைவிரலால் நீவிவிட்டு, "இங்க சாயுங்க டாக்டர்" என்று தட்டிக் காட்டினார்.