எலுமிச்சை மரத்துக்கு ஒரு ரிப்போர்ட்

அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதரை அவர் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூச்சுப்பிடியார்' என்றால்தான் தெரியும். தெருவில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டை அவர் படம் எடுத்தவர். எடுக்கும்போதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரே வசனத்தைத்தான் பேசினார்: "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க." ஒருமுறை 'விடுங்க' சொல்ல மறந்துவிட்டார் என்றும், அந்த ஆள் இன்னும் அங்கேயே விறைத்து நிற்கிறார் என்றும் கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. எதையுமே மறுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒப்புக்கொள்கிற பழக்கமும் கிடையாது.

அவருடைய இரண்டாவது வசனம் இன்னும் பிரசித்தம். படம் எடுத்து முடிந்ததும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பயப்படும்படி எதுவும் இல்லையே சார்?" அதற்கு அவர், "டாக்டர் சொல்வார்" என்பார். அவ்வளவுதான். எடுப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்பது அந்தத் தொழிலின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் மற்றவர்கள் அந்தச் சட்டத்தைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் அதைத் தோலாகவே போட்டுக்கொண்டார். இவர் முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதைவிட, சுவரைப் பார்த்து மழை வருமா என்று கேட்டுவிடலாம்.

இந்தச் சட்டத்தின் பெருமையை அவர் மனைவி கையாலேயே அனுபவித்திருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து அந்த அம்மாவின் மணிக்கட்டு வீங்கியது. படம் எடுத்தவர் சாட்சாத் புருஷன்தான். எலும்பின் குறுக்கே விரிசல் தலைமுடி மாதிரி ஓடுவதை அவர் பார்த்தார். அட்டை வைத்துக் கட்டினார். கேட்டதற்கு, "டாக்டர் சொல்வார்" என்றார். டாக்டரோ தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை இவர் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், தரையைக்கூடத் துடைத்தார். "இந்த மனுஷன் துடைப்பத்தைத் தொட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், எலும்பு ரெண்டா போயிருக்குன்னு" என்று அந்த அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விடுவதில்லை.

ஓய்வு பெற்ற மனிதர் சும்மா உட்கார்ந்தால் அம்மாவின் அடுக்களையில் மூக்கை நுழைப்பார் என்ற முன்யோசனையோடு மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். மருமகன் தன் பங்குக்கு, கிட்டத்தில் வைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்றைச் சேர்த்தான். துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த தோட்டத்தில் மூச்சுப்பிடியாருக்குப் புதிய எக்ஸ்ரே பிரிவு திறக்கப்பட்டது. பிறகு அவர் வீட்டுக்குள் வருவதே சாப்பிடத்தான்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பூச்சியாக இருந்தாலும் ஒரு படம் நேராக, ஒரு படம் பக்கவாட்டில். பின்னால் வெள்ளை அட்டை. ஓரத்தில் வலது, இடது என்று குறிப்பு. வெட்டுக்கிளிக்கு எதற்கு வலது இடது என்று பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் மதில் மேலிருந்து கேட்டார். "மாத்தி ஆபரேஷன் பண்ணிடக் கூடாதில்ல" என்றார் இவர். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று வாத்தியார் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சங்கடம். இங்கே நோயாளி மூச்சைப் பிடிக்க மாட்டான். லென்ஸ் பூச்சியின் முகத்தில் இடிக்கிற தூரத்தில் இருக்கும்போது, எடுப்பவர் மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும். ஆயுள் முழுக்க ஊராரைப் பிடிக்கச் சொன்ன மூச்சை அவர் இப்போது தானே பிடிக்க வேண்டியிருந்தது. பின்பக்க ஜன்னலோரம் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு, செடிகளின் நடுவிலிருந்து "பிடிங்க" என்று ஒரு முனகல் கேட்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "விடுங்கன்னும் சொல்லிக்குங்க" என்று தையல் மெஷினிலிருந்தபடியே அந்த அம்மா நினைவூட்டுவார்.

ஆடிப்போன படத்தை அவர் வைத்துக்கொள்வதில்லை. அதுவும் பழைய பழக்கம். ஆடிப்போனால் அது படமே இல்லை. அழி, மறுபடி எடு.

அந்தத் தோட்டத்தில் எல்லாம் கலந்து கட்டித்தான் வளர்ந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு மரம் என்றால் எலுமிச்சைதான். ஒட்டுக் கட்டிய கன்றாக, நட்டால் குச்சி, பிடுங்கினால் விறகு என்கிற நிலையில் வாங்கி வந்தது. அடியில் காட்டு எலுமிச்சை, முழங்கால் உயரத்தில் ஒட்டு, அதற்கு மேலே நல்ல ஜாதி. ஒட்டுக்கு மேலே கவையாகப் பிரிந்து, இடது கிளை ஜன்னல் பக்கமும் வலது கிளை மதில் பக்கமுமாகப் போயிருந்தது. வருஷக்கணக்கில் காய்க்கவில்லை. கொஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், வெட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். ஒருநாள் மிரட்டல் பலித்ததோ என்னவோ, மரம் பூத்தது. தெருவில் யாருக்கு எத்தனை பழம் என்பது பூவிலேயே பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது. வாத்தியார் வீட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் வீட்டு எலுமிச்சை இன்னும் பூக்கவே இல்லைதான், ஆனால் அவர் சோப்புத் தண்ணீரை மதிலோரம் ஊற்றுகிறவர்.

பூ வந்த காலத்தில்தான் அந்த வண்டும் வந்தது. சாம்பல் நிற உடம்பு, உடம்பைவிட நீளமான மீசை. இடது கிளையில் உட்கார்ந்து பட்டையைக் கடித்துக் கீறுவதும், திரும்பி நின்று அந்தக் கீறலில் பின்பக்கத்தை வைத்து அழுத்துவதுமாக இருந்தது. மூச்சுப்பிடியாருக்கு வாழ்நாள் யோகம். நேராக எடுத்தார், பக்கவாட்டில் எடுத்தார், மீசையை மட்டும் தனியாக எடுத்தார். வண்டு இறங்கிக் கவைக்கு வந்து மறுபடி கீறியபோது, குனிந்த வாக்கில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்தப் படம் ஆடிப்போயிற்று. அழித்தார். மறுபடி எடுப்பதற்குள் வண்டு பறந்துவிட்டது.

மற்ற படங்களை மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. மரத்துல என்ன பண்ணுது?"

அது முட்டையிடுகிறது என்று அவருக்குத் தெரியும். புழு மரத்தைத் துளைத்து உள்ளே போகும் என்று ஃபோனில் தேடிப் படித்தும் இருந்தார். சொல்லக் கூடாது என்று நினைத்தவரும் இல்லை. ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் வாய் தன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது.

"அதெல்லாம் பார்க்கறவங்க பார்த்துச் சொல்வாங்க."

பார்க்கிறவர் யாரும் வரவில்லை. அந்த வீட்டில் டாக்டர் கிடையாது.

பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகிக்கொண்டிருந்தபோது இடது கிளை மஞ்சளடித்தது. தண்ணீர் போதவில்லை என்று அந்த அம்மா தண்ணீர் ஊற்றினார். பிறகு தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினார். பிறகு சந்தேகம் சோப்புத் தண்ணீர்மேல் போனது. வாத்தியாரோடு மதிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரு முழுக் காலை வாக்குவாதம். வாத்தியார் தன் சோப்பு மென்மையானது என்று உறையைக் கொண்டுவந்து காட்டினார். மூச்சுப்பிடியார் அந்த நேரத்தில் ஒரு தும்பியின் இறக்கையைப் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். கிளைக்கு அடியில் மரத்தூள் சிறு குவியலாக விழுந்து கிடந்தது. அதையும் எடுத்தார். நல்ல வெளிச்சம், நன்றாகவே வந்தது.

கடைசியில் நாற்றுக்கடைக்காரர் அரிவாளும் கம்பியுமாக வந்தார். தூளைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"துளைப்பான் புழு அக்கா. நேத்து இன்னைக்கு வந்ததில்ல. பூ வைக்கும்போதே வண்டு வந்து முட்டை வச்சிருக்கும். நீண்ட மீசை வச்ச வண்டு. பார்த்தீங்களா?"

அந்த அம்மா திரும்பினார். கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி புருஷன் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வழக்கம்போலச் சுவராக இருந்தது. ஆனால் இந்தச் சுவரோடுதான் அந்த அம்மா இத்தனை காலம் குடித்தனம் பண்ணியிருக்கிறார். எந்தச் செங்கல் ஆடுகிறது என்று தெரியாதா?

"உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"என் கை உடைஞ்சப்ப சொல்லல, சரி. அங்க டாக்டர்னு ஒருத்தர் இருந்தார். இங்க யாரு இருக்கா? நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க. என்கிட்ட சொல்ல உங்களுக்கு யாரு பர்மிஷன் தரணும்?"

நாற்றுக்கடைக்காரர் பிறர் வீட்டுச் சண்டையில் மரத்தை மட்டும் பார்க்கத் தெரிந்தவர். இடது கிளையைப் பாதியில் வெட்டிவிட்டால் போதும் என்றார். புழு கவைக்கு வந்திருந்தால்தான் ஆபத்து. அங்கிருந்து ஒட்டுக்கு இறங்கிவிடும். ஒட்டு போனால் மேலே ஒன்றும் மிஞ்சாது, அடியிலிருந்து காட்டு எலுமிச்சைதான் முளைக்கும், முள்ளுக்குப் பஞ்சமிருக்காது என்றார். கவையில் தூள் இல்லை, ஓட்டை இல்லை, அதனால் பயமில்லை என்று அரிவாளைத் தூக்கினார்.

"அங்க நிறுத்தினா போதாது" என்றார் மூச்சுப்பிடியார்.

அரிவாள் நின்றது. ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லாதவர், ஃபிலிமே இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் நல்ல கவையை வீணாகக் கீறி, காயோடு இருக்கிற வலது கிளையையும் காவு கொடுக்க நேரும். சொல்லாவிட்டால் புழு தன் வழியே போகும், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத இடத்திலேயே நின்று பழகிய மனிதர்.

"படம் இருக்கா சார்?" என்றார் நாற்றுக்கடைக்காரர்.

"இல்ல. ஆடிப்போச்சு, அழிச்சிட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா பார்த்தேன். கவையில, மதில் பக்கமா, அந்தக் கணு இருக்கே, அதுக்கு ஒரு விரல் கீழ. அங்கயும் ஒண்ணு வச்சுது."

நாற்றுக்கடைக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். பட்டை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிற இடத்தில் கத்தி வைக்க அவருக்கு மனமில்லை. "சார் ஏதோ ஞாபகத்துல சொல்றாரு" என்று இழுத்தார்.

"அவர் ஞாபகத்துல தப்பு இருக்காது. வாயிலதான் கோளாறு" என்றார் அந்த அம்மா. "கீறுங்க."

கீறினார். மேல்பட்டை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் ஈரமான பழுப்புத் தூள் அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியை நுழைத்தார். அது ஒட்டுப் பக்கமாகக் கீழே கொஞ்ச தூரம் போய் மெத்தென்று எதிலோ முட்டியது. வெளியே வந்தபோது நுனியில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. ஒட்டுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் ஓட்டையை அடைத்தார்கள். இடது கிளையை அடியோடு எடுத்தார்கள். வலது கிளை காய்களோடு நின்றது.

அந்த அம்மா காய்களைப் புதிதாகப் பங்கு பிரித்தார். தெருவில் எல்லோருக்கும் பாதியாகக் குறைந்தது. வாத்தியாருக்கு மட்டும் கூடியது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு வீட்டாருமே பயன்படுத்தவில்லை.

புருஷனோடு அவர் சில நாள் பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வரும், பேச்சு வராது. கோபம் எப்போது தீரும் என்று இவர் கேட்டதற்கு, "டாக்டர் சொல்வார்" என்றார். அந்த வசனம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று மூச்சுப்பிடியாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதுத் துளிர் வந்திருந்தது. இரண்டு விரல் நீளம், செம்பு நிறம். அதைச் சுற்றிக் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வட்டமடித்து, துளிரைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். இலையின் ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு முட்டை. அதிலிருந்து புழு வரும், புழு துளிரைத் தின்னும், தின்றால் வண்ணத்துப்பூச்சியாகும். முட்டையிலிருந்து இறக்கை விரிவதுவரை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும் என்பது கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை. சொன்னால் அந்த அம்மா கட்டை விரலால் தேய்த்துவிடுவார் என்பதிலும் சந்தேகமில்லை.

ஜன்னலில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்தார். விட்டார்.

"இந்தா, இங்க வா. புதுத் துளிர்ல முட்டை வச்சிருக்கு. விட்டா தின்னுடும்."

மெஷின் நின்றது. அந்த அம்மா வந்து அவர் கையிலிருந்த கேமராவை வாங்கி, முட்டையை நேராகவும் பக்கவாட்டிலும் வெகுநேரம் பார்த்தார். விரலை நீட்டினார். பிறகு துளிரைத் தொடாமல், முட்டை இருந்த ஒரே இலையை மட்டும் காம்போடு கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வராந்தாவுல பாட்டில்ல போட்டு வச்சுக்குங்க. என் மரத்துல இலை பறிக்கக் கூடாது. தீனிக்கு வாத்தியார் வீட்டு மரம் இருக்கு, போய்க் கேளுங்க."

அன்று சாயங்காலத்திலிருந்து மூச்சுப்பிடியார் மதிலோரம் நின்று எலுமிச்சை இலை கேட்க வேண்டியதாயிற்று. எதற்கு என்று வாத்தியார் விசாரித்தார். அவர் முட்டையில் தொடங்கி இறக்கைவரை ஒன்றுவிடாமல் விவரித்தார். வாத்தியார் கொட்டாவி விட்ட பிறகும் நிறுத்தவில்லை. வாத்தியாரின் மரத்தடியில் கிடந்த மரத்தூளைப் பற்றியும் போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் இலையோடு திரும்பினார்.