பன்னிரண்டாம் தேதியின் பச்சை

மஞ்சளும் துணிக்குப் போடும் நீலமும் ஒன்றாக நனைந்தால் ஒரு வாசனை வரும்; பாதி அடுப்படி, பாதி சலவைக்கல். அந்த வாசனையோடுதான் பதிமூன்று வயதில் ஒரு கோடை முழுக்க மேனாம்பேட்டு ஒற்றை அறை "போர்ஷனில்" அடைந்து கிடந்தேன். நான் பெரியவளானதும், மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கையோடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த நைனா மட்டும், "ஜூன்ல தொறக்கறப்ப பாக்கலாம்மா, அதுவரிக்கும் பேர் கெடாம ஊட்ல இரு" என்றார். அந்த ஜூனை நம்பித்தான் நான் சோறு தின்றேன்.

தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதற்கு நேர் எதிர்ச் சுவரில், வெளிச்சம் விழும் இடத்தில், மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். வேலையெல்லாம் முடிந்த மத்தியானங்களில் வேறு போக்கிடம் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் ஈர்க்குச்சியை மஞ்சளில் தோய்த்து மூன்றாம் வாய்ப்பாட்டுத் தேதிகளில் பொட்டு வைத்தேன். பொட்டுகள் இடப்பக்கமாகச் சரிந்து வரிசை வரிசையாக இறங்கின. நான்காம் வாய்ப்பாட்டுக்கு நீலம் வைத்தால் அவை வலப்பக்கம் சரிந்தன. இரண்டும் சந்தித்த பன்னிரண்டும் இருபத்து நான்கும் தாமாகவே பச்சையாகிவிட்டன! ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் குங்குமம். அது எங்கும் சாயாமல் நேராக இறங்கியது. யார் சொல்லியும் வராத ஒழுங்கு என் விரலடியில் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு, பழைய பொட்டுகள் மறையாமல் ஓரமாக, இரண்டுக்குக் கரி, ஐந்துக்குச் செங்கல் பொடி. எல்லாம் வைத்த பிறகும் பதினொன்று, பதிமூன்று, பதினேழு என்று சில எண்கள் எவர் கையிலும் சிக்காமல் வெள்ளையாகவே நின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரே பொறாமை.

கரையான்சாவடியிலிருந்து வந்த அத்தை, செருப்பைக் கழற்றும்போதே காலண்டரைப் பார்த்துவிட்டாள். அந்த ஏப்ரலில் ஏழாம் வாய்ப்பாடு முழுக்கச் சனிக்கிழமையில் விழுந்திருந்தது. சனிக்கிழமை எஸ்டேட்டில் அரை நாள். தெருவெல்லாம் வாலிபப் பையன்கள் சைக்கிளில் திரும்பும் நாள்.

"இன்னா அண்ணாத்தே, சனிக்கெழம சனிக்கெழமயா குங்குமம் வெச்சிகீறா? அதுவும் ஜன்னலுக்கு நேரா! எவனுக்கு ஜாடை காட்டறா உம் பொண்ணு?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்தார். "இன்னாடி இது?"

"வாய்ப்பாடு நைனா."

"அப்ப இந்தப் பச்சை?"

"மூணும் நாலும் சேர்ற எடம். எந்த மாசத்துலயும் அதே தேதிதான் வரும்."

அவர் ஏப்ரல் ஏட்டைப் புரட்டி மேலே மடித்தார். "மே மாசத்துல போடு, பாக்கறேன்."

மஞ்சளும் நீலமும் வைத்தேன். அவர் எண்ணெய்க் கறை படிந்த விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டு, வாய்க்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். கிழமைகள் மாறியிருந்தன, பன்னிரண்டும் இருபத்து நான்கும் மட்டும் பச்சையாகின. நைனாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கணக்கு சரியாத்தான் கீது" என்றார் அத்தையிடம். ஜூன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவரோ பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். "எனக்குப் புரிஞ்சிடுச்சிம்மா. தெருவுல போறவனுக்கெல்லாம் யாரு போயி வாய்ப்பாடு சொல்லிகினு இருக்கறது?" என்று சொல்லிக்கொண்டே, ஜன்னல் கதவைச் சாத்தி, பலகை வைத்து ஆணி அடித்தார். இருட்டில் காலண்டரும் தெரியாமல் போயிற்று. ஜூனில் பள்ளி திறந்தது. மூடிய ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கூச்சலிட்டுப் போவதை அம்மாவோடு அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை நம்பாமல் அடைத்திருந்தால் கோபமாவது முழுதாக வந்திருக்கும். நம்பிவிட்டு அடைத்தாரே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வருகிறது. எஸ்டேட்டுச் சங்கும் இல்லை, சைக்கிள் கூட்டமும் இல்லை. தேதி பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்ப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். வீட்டை இடித்த அன்று போயிருந்தேன். உடைந்த மரச்சாமான்களின் மேல் எங்கள் ஜன்னல் கிடந்தது. பலகையைக் கழற்ற முடியாமல் அப்படியே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். நைனா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.