மாடிக் கொடியில் மூன்று துண்டுகள்

மௌன விரதம் இருந்த ஒரு மனிதரோடு நான் அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். அதில் தோற்றும் இருக்கிறேன்.

அவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் அமெரிக்கர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மலையைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தவர். வாரத்தில் ஆறு நாள் பேசமாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் சின்ன சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மாடிக் கொடியில் அவருடைய துண்டுகள் மூன்று காயும். உடம்புக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. எங்கள் குடும்பம் மொத்தத்துக்குமே இரண்டுதான்.

அந்தக் கொடியைப் பார்த்துத்தான் எனக்குப் பொருளாதாரம் பிடிபட்டது. உலகமே கவிழ்ந்தாலும் அமெரிக்கர்கள் குளிப்பார்கள். ஆளுக்கு மூன்று துண்டு வாங்குவார்கள். மகளின் கடைசி வருடக் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் கிடந்த பணத்தை எடுத்து, அமெரிக்காவுக்குத் துண்டு அனுப்பும் ஒரு கரூர்க் கம்பெனியின் பங்குகளில் போட்டேன். இத்தனைக்கும் வீட்டில் அலமாரி நிறையப் பொருளாதாரப் புத்தகங்கள் உண்டு. படித்தும் இருக்கிறேன்.

பிறகு இந்தியச் சரக்குக்கு வரி என்று அங்கே அறிவித்தார்கள். பங்கு விழுந்தது. தள்ளிவைத்தார்கள், கொஞ்சம் எழுந்தது. மறுபடி விதித்து, அதையும் இரட்டிப்பாக்கினார்கள். எழுந்த கொஞ்சமும் சேர்ந்து விழுந்தது. இந்தியா யாரிடம் கச்சா எண்ணெய் வாங்குவது என்று இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொள்கின்றன. கரூரில் தறி நிற்கிறது, திருவண்ணாமலையில் ஒரு பெண்ணின் படிப்பு ஆடுகிறது. என் மகள் யாரிடமும் எண்ணெய் வாங்கவில்லை. நம் ஆட்சியாளர்களோ பாதிப்பே இல்லை என்றார்கள். உண்மைதான், அவர்களுக்கு இல்லை. தொலைக்காட்சியில் கோட் போட்ட நிபுணர் ஒருவர், நீண்ட காலத்துக்குக் காத்திருங்கள் என்றார். கல்லூரியில் பதினைந்தாம் தேதி வரைதான் காத்திருப்பார்களாம்.

அன்று மாடிப்படி ஏறினேன். என் கைக்கெட்டிய ஒரே அமெரிக்கா அதுதான்.

"உங்க ஊர்ல உக்காந்துக்கினு ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, இங்க என் பொண்ணோட பீசு போவுது! நீங்க என்னடான்னா கண்ண மூடிக்கினு இருக்கீங்க. ஓட்டுப் போட்டீங்க இல்ல? கேக்க மாட்டீங்களா?" பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கோபம் வந்தால் எனக்கு எந்த மொழியும் முழுசாக வராது.

அவர் அசையாமல் கேட்டார். நான் மூச்சு வாங்கியபோது சிலேட்டை எடுத்தார். 'என் சேமிப்பெல்லாம் எங்கள் ஊர்த் துணிக்கடைக் கம்பெனி ஒன்றின் பங்குகளில் இருக்கிறது. வரியால் சரக்கு விலை ஏறி, அதுவும் விழுந்துவிட்டது.' நான் ஒரு முனையைப் பிடித்திருந்த துண்டின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவர்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'அடுத்த மாதத்திலிருந்து வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைக்க முடியுமா?'

திட்ட வந்தவன் தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் கிடைத்த விலைக்குப் பங்குகளைத் தள்ளிவிட்டேன். குறைந்ததை மனைவி தன் சீட்டை எடுத்து நிரப்பினாள். பதினான்காம் தேதி கட்டணம் கட்டியாயிற்று. ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"அந்தாளு வாயே தெறக்காம மாசம் ஆயிரம் கம்மி பண்ணிக்கினாரு. நீங்க தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திட்டு, அதையும் குடுத்துட்டு வந்துட்டீங்க."