அட்டைக்கு ஆசைப்பட்டவன்

ஓர் அட்டைக்காகக் கையைத் தூக்கிய மடையன் நான். புனே நகரத்து நிக்டியில் எங்கள் குடியிருப்புவாசிகளைப் போலீசார் கூட்டிப் பேசினார்கள். கட்டடத்துக்கு ஒருவர் தங்களுக்குத் துணையாக வேண்டும், படம் ஒட்டிய அடையாள அட்டை தருவோம் என்றார் இன்ஸ்பெக்டர். சிக்னலில் மடக்கினால் காட்டலாமே என்று என் கை தானாக எழுந்தது. கை எழுந்தால் வாய் சும்மா இருக்குமா? வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் குடியிருப்பவர் விவரத்தைப் போலீசில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று என் அரைகுறை இந்தியில் ஐந்து நிமிடம் முழங்கினேன். நல்ல கைதட்டல்.

நாங்கள் குடியிருக்கும் அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் எனக்கு இன்னொரு ஃப்ளாட் உண்டு. எட்டு மாதமாகக் கோயம்புத்தூர்க்காரர்கள் இருவர் அதில் வாடகைக்கு இருந்தார்கள். பதிவா? நாளைக்கு, நாளைக்கு என்றே எட்டு மாதமும் போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் மச்சினர் பிள்ளைகள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை பெண் கான்ஸ்டபிள் வாசலில் நின்றார். பின்னால் வேடிக்கை பார்க்க எங்கள் சொசைட்டி செயலாளர்.

“வாங்க காகா, வீடு வீடாப் போகலாம். பதிவு பண்ணாத ஓனர் பேரை நீங்களே எழுதுங்க. கேஸ் போடச் சொல்லியிருக்காங்க” என்று இந்தியில் சொல்லி, நோட்டை என் கையில் திணித்தார். காகா என்றால் அந்த ஊரில் பெரியவரே என்று மரியாதை.

அட்டையை எடுக்கும் சாக்கில் உள்ளே ஓடினேன். மனைவியிடம், “எனக்கு ஜுரம்னு சொல்லேன்” என்று கெஞ்சினேன்.

“நேத்து அந்த அட்டையை மாட்டிக்கிட்டு எங்க அண்ணனுக்கு போட்டோ அனுப்புனீங்களே, அப்ப ஜுரம் இல்லையா? கெளம்புங்க.”

முதல் மாடியில் டீ வாங்கிக் குடித்து நேரத்தை ஓட்டினேன். இரண்டாம் மாடியில், இருபது வருடமாகச் சொந்த வீட்டில் இருப்பவரிடம் “வாடகைக்கா இருக்கீங்க?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் மாடிக்காரர் பதிவு செய்யவில்லை.

“அன்னைக்குப் பிரசங்கம் பண்ணின வாய்தானே இது? எழுதிக்கோ” என்றார். எழுதினேன்.

“நாலாவது மாடி பூட்டியிருக்கு, மேடம்” என்றேன்.

மேலே குக்கர் விசில் அடித்தது. செயலாளர் இருமுவதுபோல் சிரித்தார். கான்ஸ்டபிள் படியேறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன், வேறெங்கே போவது? என் வீட்டுக் கதவருகே அவர் மணியை அழுத்தப்போகையில் குரல் எப்படியோ வெளியே வந்தது.

“மேடம், இது என் வீடு. நானும் பதிவு பண்ணல.”

“தெரியும் காகா, எழுதுங்க.”