மாதேஸ்வரி அழிக்காத ஃபைல்

"மாதேஸ்வரி கம்பெனி ஃபைலை அழிச்சிட்டாளாம்ணா. வேலையை விட்டே தூக்கப்போறாங்களாம்."

போனில், ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து என் தங்கை ஹரிணி. அவளுக்குச் சொன்னது மாதேஸ்வரியோடு கம்பெனி பஸ்ஸில் போகும் பூபதி. மியூனிக்கில் காலை ஏழு மணி. ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாதேஸ்வரி எங்கள் பக்கத்து வீடு. சூளகிரியில் கூலிக்குக் களை எடுத்த குடும்பத்தின் முதல் டிப்ளமோ. ஆறு வருடமாக ஓசூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. கையால் எழுதிவந்த சோதனை அறிக்கையைக் கணினியே தயாரித்தால் நன்றாயிருக்கும் என்று அவள் கேட்டாள். என் லேப்டாப்பில் பைத்தான் மொழியில் ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட் என்போம், எழுதி அனுப்பினேன். அதைப் பத்து மடங்காக வளர்த்தது அவள். இந்த மாதம் பெர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும்.

உடனே அவளை அழைத்தேன்.

"நா ஒண்ணுமே பண்ணலண்ணா! ஆயுத பூஜைக்கு சிஸ்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன், அவ்ளோதான். பூஜை போட்டப்புறம் யாராச்சும் கீபோர்டைத் தொடுவாங்களா? லீவுல சர்வரை மாத்திட்டாங்க. இன்னிக்கு நம்ம ஸ்கிரிப்டை ஓட்டினா 'அப்படி ஃபைலே இல்ல'ன்னு வருது. எங்க சூப்பர்வைசர் குருமூர்த்தி சார் எல்லார் முன்னாடியும், 'ஏனம்மா, பொட்டு வெக்கறப்ப ஃபைலையும் தொடச்சிட்டியா?'ங்கறாரு. ஃபைல் அங்கயேதான் இருக்குதுண்ணா, கண்ணால பாக்கறேன்! பதினோரு மணிக்கு எச்ஆர் கூப்பிட்டிருக்காங்க."

"ஃபைலைத் திறந்து முதல் வரியைப் படி."

"யுஎஸ்ஆர், லோக்கல், பின், பைத்தான்..."

ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய பைத்தான் மென்பொருள் கணினியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி அது. நான் எழுதியிருந்தது என் லேப்டாப்பில் அது இருந்த இடம். பழைய சர்வரிலும் அங்கேயே இருந்ததால் பிரச்சினை வரவில்லை. புதியதில் இடம் வேறு. இல்லை என்று கணினி சொன்னது பைத்தானை. கம்பெனிக்காரர்கள் நினைத்துக்கொண்டது அவள் ஃபைலை. எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து ஓட்டு என்று எழுதியிருந்தால் எந்த சிஸ்டத்திலும் ஓடியிருக்கும். தெரிந்தவன்தான் நான். அன்றைக்குச் சோம்பல்.

"மாதேஸ்வரி, தப்பு என்னுது—"

"அண்ணா, கூப்பிடறாங்க. போனை வெளிய வெச்சிட்டுத்தான் போகணும்."

#!/usr/bin/env python3

அந்த ஒரே வரியை அனுப்பினேன். 'முதல் வரியை இப்படி மாத்து. உன் மேல தப்பே இல்ல, அவங்ககிட்ட காட்டு' என்றும் எழுதினேன். அவள் பார்க்கவில்லை. மீண்டும் அழைத்தேன். ஓசூரில் எச்ஆர் அறைக்கு வெளியே, ஏதோ ஒரு மேஜை மேல், அவள் போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.